அபினும் அஸ்ஸாமியக் குடியானவனும்

நேயர்களே, நாம் குடியேறி வாழும் நாட்டின் பழந்துயரையும் அறிதல் நன்று. அஸ்ஸாமியக் குடியானவன் முன்பு தனக்கு வேண்டிய அபினைத் தானே பயிரிட்டு வந்தான். 1860-இல் ஆங்கில சர்க்கார் அச்சாகுபடியைத் தடுத்தது. விற்பனையையோ தன் கையில் வைத்துக்கொண்டது. பழக்கம் நீங்கவில்லை, அதற்கு ரொக்கம் தேட வேண்டியதாயிற்று. அவன் கூலிக்கு வருவான் என்று தேயிலைத் தோட்டத்தார் எதிர்பார்த்தனர். 1861-இல் நௌகாங் மாவட்டத்துப் புலகுரியில் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். வெற்றிலை பாக்குக்கும் வரி வருமென்ற அச்சம் அதற்குத் தூபமிட்டது. ஆங்கில அதிகாரி ஒருவர் மாண்டார். துப்பாக்கியே சர்க்காரின் மறுமொழியாயிற்று.

சுதந்திர பாரதத்தின் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் போதைப்பொருள் உட்கொள்வோரைத் தண்டிக்கிறது. ஆயினும், தாமே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் பிரிவு பின்னர் அதில் சேர்ந்தது. நோயாளியைக் குற்றவாளியினின்று பிரித்தறிவதே நீதியன்றோ?