பேரன் கேட்ட ஃபோர்க்கும் அதன் நூறாண்டுக் கதையும்



போன மாதம் கிரெனோபிளிலிருந்து பேரன் பேசினான். அங்கே பொறியியல் படிக்கிறான். நலம் விசாரித்து முடித்ததும், "தாத்தா, பிறந்தநாளுக்கு எனக்கு ஒரு ஃபூர்ஷ் வாங்கித் தர்றீங்களா?" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "ஃபூர்ஷெத்தா? இங்கேருந்தே ஒரு டஜன் அனுப்புறேன்டா" என்றாள். பிரெஞ்சில் ஃபூர்ஷெத் என்றால் சாப்பிடும் முள்கரண்டி. ஃபூர்ஷ் என்றால் சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க். பேரன் கேட்டது ஷாக் அப்சார்பர் வைத்த ஃபோர்க். மலையில் தானே மிதித்து ஏறி, தானே இறங்குகிற 'ஆல் மவுன்டன்' வகை சைக்கிளுக்கு.

அவன் அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. அதனால்தான் மனு என்னிடம் வந்தது. நானும் உடனே சரி சொல்லவில்லை. ஃபோர்க் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு 1966-ஆம் வருடம் நினைவுக்கு வரும். என் தம்பி வாடகை சைக்கிள் எடுத்து, கடற்கரைச் சாலைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளத்தில் இறக்கினான். ஃபோர்க் கழுத்தில் முறிந்து, அவன் முகம் கல்லில் மோதியது. முன்பற்கள் நான்கு போயின. முன்பு எப்போதோ வளைந்த ஃபோர்க்கை யாரோ நெருப்பில் காட்டி நிமிர்த்தி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பெயின்டை நம்பித்தான் அவன் ஏறினான்.

ஆகவே பணம் அனுப்புவதற்கு முன் விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனுக்கு வேறு வழி தெரியாது. படிக்கப் படிக்க அது ஒரு நல்ல சரித்திரமாகவே இருந்தது.

சைக்கிளுக்கு ஸ்பிரிங் வைக்கும் யோசனை புதிதல்ல. இங்கிலாந்தில் 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்த 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். அதே வருடம் லண்டனின் லின்லி அண்ட் பிக்ஸ் நிறுவனம், உட்காருபவருக்குக் குலுக்கல் தெரியாதபடி சட்டத்திலேயே ஸ்பிரிங் வைத்த 'விப்பெட்' என்ற சைக்கிளைச் செய்தது. அப்போது சக்கரத்தில் இருந்தது கெட்டி ரப்பர். கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்பெல்லாம் ஆடும். அதனால் ஸ்பிரிங்குக்குத் தேவை இருந்தது.

ஆனால் மூன்றே வருடத்தில் கதை மாறியது. பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்து, 1888-ல் காப்புரிமை பெற்றார். எடை குறைவு, விலையும் குறைவு, வேகமும் கூடியது. ஸ்பிரிங் செய்த வேலையைக் காற்றே செய்துவிட்டது. ஸ்பிரிங் வைத்த சைக்கிள்கள் மெல்ல மறைந்தன. அதன்பின் பல பத்தாண்டுகளுக்குச் சாதாரண சைக்கிளின் ஃபோர்க் என்றால் வளைத்த இரண்டு எஃகுக் குழாய்கள், அவ்வளவுதான்.

பந்தயக்காரர்களுக்கோ சொகுசு என்றாலே இளக்காரம். தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கே 1937 வரை அனுமதி இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மனப்பான்மையை முதலில் உடைத்தவர்களில் பாரீஸ் புறநகர்ப் பையன்கள் இருபது பேர் உண்டு என்பது எனக்கே புதிய செய்தி. 'வெலோ குரோஸ் குளூப் பாரிசியேன்' என்ற பெயரில், 1951-லிருந்து 1956 வரை இவர்கள் காட்டுப் பாதையிலும் மேடுபள்ளத்திலும் சைக்கிள் ஓட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது '650பி' என்ற பிரெஞ்சு அளவுச் சக்கரம் கொண்ட சைக்கிள்கள். சிலர் அவற்றில் சிறு மோட்டார் வண்டிகளின் ஸ்பிரிங் ஃபோர்க்கையும் பொருத்திப் பார்த்தார்கள். இன்று 'வே.தே.தே', அதாவது எந்த நிலத்திலும் ஓடும் சைக்கிள் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் விளையாட்டு ஏறக்குறைய அங்கேயே பிறந்துவிட்டது. ஆனால் சங்கம் கலைந்தது, உலகம் கவனிக்கவில்லை.

இருபது வருடம் கழித்து கலிபோர்னியாவில் அதே விளையாட்டு மறுபடி பிறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் வட்டாரத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு செங்குத்தான மண்பாதை. அதில் இளைஞர்கள், 1930, 40-களில் செய்த பருத்த டயர் ஷ்வின் சைக்கிள்களில் பாய்ந்து இறங்கினார்கள். முதல் பந்தயம் நடந்தது 1976 அக்டோபர் 21. பின்சக்கர பிரேக்கின் உள்ளே இருக்கும் கிரீஸ் ஒரே இறக்கத்தில் கொதித்துப் புகையாகிவிடும், திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி ஆகியோர் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர்கள். 1977-ல் ஜோ பிரீஸ் இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு சட்டம் செய்தார். ஆனால் அவர்களுடைய ஃபோர்க்கும் ஆடாத அசையாத ஃபோர்க்தான். அதிர்ச்சியெல்லாம் மணிக்கட்டிலும் முழங்கையிலும்தான் இறங்கியது.

மாற்றம் 1989-ல் வந்தது. மோட்டார் சைக்கிள் பந்தய உலகிலிருந்து வந்த பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து 'ராக்‌ஷாக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய முதல் ஃபோர்க் அமுங்கும் தூரம் 48 மி.மீ., இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று, துள்ளலை அடக்க எண்ணெய். நம் மோட்டார் சைக்கிளைப் போலத்தான். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் சின்னத் துளை வழியே மெதுவாகப் போய் வருவதால்தான் அந்தத் துள்ளல் அடங்குகிறது. தாங்குவது ஒன்று, அடக்குவது ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நல்ல ஃபோர்க்.

1990-ல் கொலராடோ மாநிலத்து துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ மலை சைக்கிள் உலகப் போட்டி நடந்தது. இறக்கப் பந்தயத்தில் இந்த ஃபோர்க்கோடு கிரெக் ஹெர்போல்ட் ஜெயித்தார். கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இங்கே பிரான்சு மறுபடி உள்ளே வருகிறது. பாரீஸ்–ரூபே என்பது 1896-லிருந்து நடக்கும் சாலைப் பந்தயம். வடபிரான்சின் பழைய கல் பாவிய சாலைகளில் போகும் அதற்கு, முதல் உலகப் போரில் அந்த வட்டாரம் சிதைந்து கிடந்ததால் 'வடக்கின் நரகம்' என்று பெயர் வந்தது. ழில்பேர் துக்ளோ-லசால் என்ற வீரர் 1980-லும் 1983-லும் அதில் இரண்டாவதாக வந்தவர். 1992-ல் அவருக்கு வயது 37. அந்த வருடம் மலை சைக்கிளுக்கென்று வந்த ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கைச் சாலை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய் ஜெயித்தார்! 1993-லும் அவரே. அந்த முறை இத்தாலியர் ஃபிராங்கோ பாலெரீனி தானே ஜெயித்ததாக நினைத்துக் கையை உயர்த்திவிட்டார். புகைப்படத்தைப் பார்த்த பிறகுதான், மயிரிழையில் முந்தியவர் துக்ளோ-லசால் என்று தெரிந்தது. 1994-ல் ஜெயித்த ஆந்திரே ச்மில் என்பவரும் இதே வகை ஃபோர்க்கோடுதான் போனார்.

மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்த கருவி நிலைத்திருக்க வேண்டுமே? இல்லை. சாலைப் பந்தயக்காரர்கள் சீக்கிரமே அதைக் கைவிட்டார்கள். 260 கிலோமீட்டர் தூரத்தில் கல் பாவிய பகுதி ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். மீதி இருநூறு கிலோமீட்டரும் அந்தக் கூடுதல் எடையைச் சுமக்க வேண்டும். எழுந்து நின்று மிதித்தால் பலத்தில் ஒரு பங்கை ஃபோர்க்கே விழுங்கிவிடும். கருவி கெட்டதல்ல, அந்தப் பாதைக்கு அது அதிகம். நான் படித்ததில் என் மனதில் தங்கியது இதுதான்.

மலையில் கதை வேறு விதமாகப் போனது. கொலராடோவில் டக் பிராட்பரி செய்த மனிட்டூ ஃபோர்க்கில் ரப்பர் போன்ற கட்டைகள் இருந்தன. பழுது குறைவு, ஆனால் குளிரில் அவை இறுகிப்போகும். 1990-களின் பிற்பாதியில் இத்தாலியின் பொலோன்யாவில் மோட்டார் சைக்கிளுக்கு ஃபோர்க் செய்துவந்த மார்ஸோக்கி நிறுவனம் 'பாம்பர்' என்ற ஆரஞ்சு நிற ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. எஃகுச் சுருள், நிறைய எண்ணெய், 100 மி.மீ. அமுங்கும். பிறகு 130, 150, 170 என்று எண் ஏறிக்கொண்டே போனது. கூடவே உள்குழாயும் 32, 35, 36 மி.மீ. என்று பருத்தது. அச்சும் 9-லிருந்து 15 மி.மீ. ஆனது.

பேரன் கேட்டது 180. "பெருசா இருந்தா பத்திரம்தானே தாத்தா?" என்றான். அவன் சட்டம் எத்தனைக்காகச் செய்தது என்று கேட்டேன். பார்த்துச் சொன்னான்: 150, அதிகபட்சம் 160.

அங்கேதான் என் தம்பி என் கண்முன் வந்தான். சட்டம் தாங்கும் அளவைவிட நீளமான ஃபோர்க்கை மாட்டினால் முன்பக்கம் உயரும், ஃபோர்க்கின் சாய்வு மாறும். ஏற்றத்தில் முன்சக்கரம் தடுமாறும். ஒவ்வொரு அடியும் நீளமான நெம்புகோல் போலச் சட்டத்தின் கழுத்தில் விழும். கழுத்துதான் முறியும் இடம். பெரிய எண்ணும் பெயின்ட் மாதிரிதான், நம்பி ஏற வைக்கும்.

பிறகு இருவரும் போனிலேயே ஒரு கேள்விப் பட்டியல் போட்டோம். வாங்குபவர் யாருக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, எந்தப் பாதை? ஏறி இறங்குபவருக்கு 140-லிருந்து 160 மி.மீ. போதும். வாகனத்தில் மேலே போய் இறங்க மட்டும் செய்பவருக்குத்தான் 200.

இரண்டாவது, சட்டமும் சக்கரமும் எதை ஏற்கும்? பேரனின் சக்கரம் 27.5 அங்குலம் என்றான். அது வேறொன்றுமில்லை, பாரீஸ் பையன்கள் ஓட்டிய அதே 650பி! இடையில் ஏறக்குறைய மறைந்துபோய் மறுபடி வந்திருக்கிறது. ஃபோர்க் அந்தச் சக்கரத்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், கழுத்துக் குழாயின் அளவும் பொருந்த வேண்டும்.

மூன்றாவது, ஓட்டுபவர் எடை என்ன? இவன் 58 கிலோ. காற்று ஃபோர்க் என்றால் சின்ன பம்பால் எடைக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம். எஃகுச் சுருள் மெத்தென்று வேலை செய்யும், ஆனால் எடை கூடுதல், எடைக்குப் பொருந்தாவிட்டால் சுருளையே மாற்ற வேண்டும். இவனுக்குக் காற்றுதான் சரி. ஏறி உட்கார்ந்ததும் ஐந்தில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். 150-க்கு 30 மி.மீ.

நான்காவது, யார் பராமரிப்பார்கள்? ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறையாவது கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் விலை உயர்ந்த ஃபோர்க்கும் துருப்பிடித்த பம்பாகிவிடும்.

ஐந்தாவதைச் சொல்லத் தேவையே இல்லை. சரித்திரம் தெரியாத பழைய ஃபோர்க் வேண்டாம். அவன் முதலில் பார்த்து வைத்திருந்தது அப்படி ஒன்றைத்தான். "புதுசு மாதிரி இருக்கு தாத்தா" என்றான். மாதிரிதானே என்றேன்.

கடைசியில் 150 மி.மீ. காற்று ஃபோர்க், இரண்டு கிலோ எடை, புதியதாகவே வாங்கினான். பணம் நான் அனுப்பினேன். அவன் அப்பாவிடமும் நானே பேசினேன். அல்ப் துயெஸ் மலையில் 1995-லிருந்து 'மெகாவலான்ஷ்' என்று ஒரு பந்தயம் நடக்கிறது. 3,330 மீட்டர் உயரத்துப் பனியில் தொடங்கி 720 மீட்டருக்கு இறங்க வேண்டும். பேரனுக்கு அதில் ஒரு கண். அது அடுத்த வருடப் பேச்சு என்று மூவரும் ஒத்துக்கொண்டோம்.

ஃபோர்க்கின் உள்குழாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அமுங்கியபோது எதுவரை போனதென்று அது காட்டும். ஏறி உட்கார்ந்து இறங்கி, அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினான். சரியாக 30.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். வளையத்தை அல்ல, ஃபோர்க் சட்டத்தோடு சேரும் கழுத்தை.

"மேலே பெயின்ட் அடிச்சதில்லையே அண்ணே?" என்றான்.

"இல்லடா, நானே கேட்டு வாங்கினது" என்றேன். தன் பொய்ப்பல் தெரியச் சிரித்தான்.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.