வேலியைச் சுற்றி வந்த கணிதம்

பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் செல்லும் வட்டாரத்தில், ஒரு காலத்தில் பால்மரங்கள் நிரை நிரையாக நின்றன. அத்தோட்டங்களில் பல பின்னாளில் செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. மரம் மாறினாலும் நிலத்தை அளக்கும் முறை மாறவில்லை. அளவையாளர் எல்லைக் கற்களைச் சுற்றி வருகிறார். உள்ளே இத்தனை ஏக்கர் என்று சொல்லிவிடுகிறார். உள்ளே கால் வைக்காமலே உள்ளிருப்பது எப்படித் தெரிகிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிழக்கு மேற்காக 200 மீட்டரும், தெற்கு வடக்காக 100 மீட்டரும் உள்ள ஒரு துண்டு நிலம். தென்மேற்கு மூலையிலிருந்து புறப்படுங்கள். விதி ஒன்றுதான்: வடக்கே நடக்கும்போது, மேற்கு எல்லையிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறீர்களோ அதை, நடந்த தூரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். தெற்கே நடந்தால் கழிக்க வேண்டும். கிழக்கே நடக்கையில் ஒன்றுமில்லை. பிறகு வடக்கே 100 மீட்டர். 200 பெருக்கல் 100, அதாவது 20,000. மேற்கே நடக்கையில் ஒன்றுமில்லை. கடைசியாக மேற்கு எல்லையில் தெற்கே இறங்குகையில் தள்ளியிருக்கும் தூரம் சுழி. ஆகவே கழிக்க ஒன்றுமில்லை. மொத்தம் 20,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 5 ஏக்கர். சரியான விடை!

எதிர்த்திசையில் சுற்றினால் அதே எண் கழித்தல் குறியோடு வரும். காரணம் எளிது. நிலத்தைப் பல பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரே திசையில் சுற்றி வருவதாக எண்ணுங்கள். இரு பங்குகளுக்கு நடுவேயுள்ள வரப்பில் ஒருவர் மேலே நடப்பார், மற்றவர் கீழே நடப்பார். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சுவது வெளி வேலி ஒன்றே. நிலம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் இது பொருந்தும்.

இந்த உண்மையைத் தேடியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்து ஜார்ஜ் கிரீன். ரொட்டி சுடுபவரின் மகன். பள்ளிக்குப் போனது ஏறத்தாழ ஓராண்டு. தந்தையின் மாவு ஆலையில் உழைத்துக்கொண்டே, 1828-ஆம் ஆண்டில், உள்ளிருக்கும் அளவையும் விளிம்பிலுள்ள அளவையும் இணைக்கும் விதிகளை மின்சாரம் பற்றிய ஒரு நூலில் எழுதினார். வளைந்த பரப்புக்குரிய விதியை 1850-இல் கெல்வின் ஒரு கடிதத்தில் ஸ்டோக்ஸுக்கு எழுதினார். 1854-இல் ஸ்டோக்ஸ் அதைத் தேர்வுக் கேள்வியாகவே கேட்டார்.

ஆனால் கோட்டுக்கு ஒரு விதி, பரப்புக்கு ஒரு விதி, கன அளவுக்கு வேறொரு விதி என்று அவை தனித்தனியே கிடந்தன. ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் கிராஸ்மன் 1844-லேயே, திசைக் குறியோடு பெருக்கும் ஒரு புதிய முறையை வெளியிட்டிருந்தார். அன்று அதைப் படித்தவர் சிலரே. பின்னாளில் அவர் ரிக்வேதத்திற்கு அகராதி செய்து புகழ் பெற்றார்.

இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டியவர் எலி கார்த்தான். பிரான்சு நாட்டில் தொலொமியூ என்ற சிற்றூரில் 1869-இல் பிறந்த கொல்லர் மகன். பள்ளியைப் பார்வையிட வந்தவர் ஒருவர் பையனின் திறமையைக் கண்டுகொண்டதால் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1899-இல் அவர் எழுதிய கட்டுரையில் ‘வகையீட்டு வடிவம்’ என்ற கருத்து தெளிவான உருவம் பெற்றது. கோட்டின் மேலோ பரப்பின் மேலோ கூட்டுவதற்கென்று அமைந்து, திசைக் குறியையும் தன்னுடனே சுமக்கும் கோவை அது. விளிம்பில் கூட்டும் கோவையிலிருந்து உள்ளே கூட்ட வேண்டிய கோவையைப் பெற ஒரே செய்முறை போதும். பல விதிகள் ஒரே விதியாயின. மின்சாரம், காந்தம் பற்றிய மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள்கூட இம்முறையில் இரண்டே வரிகளாகச் சுருங்குகின்றன.

கொல்லர் மகனின் அந்தக் கல்வி தமிழகத்திற்கும் வந்தது. கார்த்தானிடம் ஆய்வு செய்த சார்ல் ரசீன் என்ற பாதிரியார் 1937-இல் இந்தியா வந்து, திருச்சியிலும் பிறகு சென்னை லயோலாக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். அவருடைய மாணவர்களில் ஒருவர், தண்டரை என்ற கிராமத்தில் 1932-இல் பிறந்த மு. சே. நரசிம்மன். அவரும் எஸ். ரமணனும் சேர்ந்து 1961-இல் வெளியிட்ட ஒரு முடிவை, 1974-இல் செர்ன், சைமன்ஸ் என்ற இரு அறிஞர்கள் தம் புகழ்பெற்ற ஆய்வில் பயன்படுத்திக்கொண்டார்கள். அந்தச் செர்னும் கார்த்தானிடம் பாரிசில் பயின்றவரே.

நேயர்களே, ‘உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?’ என்று நம்மிடையே கேட்பதுண்டு. ஆலைக்காரரும் கொல்லர் மகனும் இந்த வரலாற்றில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தோம். கார்த்தானுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்திராவிட்டால் அவர் பட்டறையிலேயே நின்றிருக்கக்கூடும். ஆகவே, பிள்ளை கணக்கில் ஒரு கேள்வி கேட்டால் ‘அது நமக்கு வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு மாலை, நூல் கயிற்றை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு பள்ளித் திடலைச் சுற்றி வாருங்கள். வடக்கே கூட்டுங்கள், தெற்கே கழியுங்கள். விடை வரும்.