ஸ்பானிய விலங்குப் பெயர்கள்: சொல் வரலாறும் சமூக வரலாறும்

சொற்பிறப்பு ஆய்வினைக் கடன்சொற்களின் பட்டியலாகச் சுருக்கிக்கொள்ளும் போக்கு இன்றும் காணப்படுகின்றது. ஒரு மொழி பிற மொழிகளால் 'வளம் பெற்றது' எனக் கூறி அமைந்துவிடும்போது, அச்சொற்களை வழங்கிய மக்களும் அவர்தம் உழைப்பும் மறைக்கப்பட்டுவிடுகின்றன. ஸ்பானிய மொழியின் விலங்குப் பெயர்களை நாம் நோக்குமிடத்து இது தெளிவாகும்.

இலக்கிய இலத்தீனில் குதிரையின் பெயர் 'எக்குவுஸ்'. பாரம் சுமக்கும் மட்டக் குதிரையைக் குறித்த பேச்சுவழக்குச் சொல் 'கபல்லுஸ்'. ஸ்பானியத்திற் பொதுப்பெயராக நிலைத்தது பின்னதன் வழிவந்த 'கபாயோ'வே. முன்னதன் பெண்பால் வடிவமோ பெட்டைக் குதிரையைக் குறிக்கும் 'யெகுவா'வாக எஞ்சியது. நிலமானியப் பிரபுவின் வீரப்பட்டமான 'கபாயேரோ'வும் அம்மட்டக் குதிரையின் பெயரடியாகப் பிறந்ததே என்பது மனங்கொள்ளத்தக்கது.

711ஆம் ஆண்டின் பின்னர் அறபுச் சொற்கள் புகுந்தன. காட்டுப்பன்றியைக் குறிக்கும் 'ஹபலி', 'மலைக்குரியது' எனப் பொருள்படும் அறபுச் சொல்லின் வழியது. பொதி சுமக்கும் கோவேறு கழுதையும் (அசெமிலா), தலைமை இடையனும் (ரபதான்) அறபு வழிப் பெயர்களையே பெற்றமை, போக்குவரத்திலும் மந்தை மேய்ப்பிலும் இரு சமூகத்து உழைப்பாளரும் ஊடாடியதை உணர்த்துகின்றது. 1273இல் பத்தாம் அல்பொன்சோவின் சாசனம் பெற்று 1836வரை நிலைத்த 'மெஸ்தா' என்னும் மந்தையுடைமையாளர் சங்கம் அம்மேய்ப்பின் பொருளாதார வலிமைக்குச் சான்று. கால்நடையைக் குறிக்கும் 'கனாதோ' என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'ஈட்டப்பட்டது' என்பதாகும். உயிரினம் இங்கு உடைமையாகவே பெயரிடப்படுகின்றது.

1492இன் பின்னர் கெச்சுவா மொழியிலிருந்து 'லாமா', 'பூமா', 'கொண்டோர்' என்பனவும், நாவாத்தில் மொழியிலிருந்து 'கொயோத்தே'யும் வந்தன. பொத்தோசி மலையில் 1545இற் கண்டறியப்பட்ட வெள்ளியைச் சுமந்த விலங்குகளுள் லாமாவும் ஒன்று. பெயரும் முதுகும் ஒருசேரக் கைப்பற்றப்பட்டன. மயிலுக்குரிய 'பாவோ' என்ற பழைய சொல் அமெரிக்க வான்கோழிக்குச் சென்றது; மயில் 'அரச பாவோ'வாயிற்று.

எனினும் பெயரிடுதல் வென்றோரின் தனியுரிமையாக இருக்கவில்லை. நாவா மக்கள் குதிரையை 'மசாத்ல்' (மான்) எனவும், செம்மறியாட்டைப் பருத்தியின் பெயரால் 'இச்கத்ல்' எனவும் அழைத்தனர். தோற்றோரும் தம் அனுபவத்தின் அடியாகவே புதுமையை விளங்கிக்கொண்டனர்.

எல்லாச் சொற்களையும் வர்க்க உறவுகளோடு இயந்திரரீதியாகப் பொருத்துதல் தவறாகும். நாயைக் குறிக்கும் 'பெர்ரோ'வின் பிறப்புப் பற்றி அறிஞரிடை இன்றும் உடன்பாடில்லை. ஆயினும், சொற்கள் தாமாகப் பயணஞ் செய்வதில்லை. உழைப்பும் வணிகமும் ஆக்கிரமிப்புமே அவற்றைக் கொண்டுசெல்கின்றன என்பதை மறந்த மொழியாய்வு வரலாறாகாது.