காண்டாக்ட் லென்ஸ் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளி, திருமணக் காலம் என்றால் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டல் இந்தியா கடைவீதிகளில் கூட்டம் அலைமோதும். சேலை, வளையல், ஒப்பனைப் பொருள்கள் வரிசையில் இப்போது பழுப்பு, சாம்பல் நிறக் காண்டாக்ட் லென்ஸும் சேர்ந்துவிட்டது. இணையத்திலும் மலிவு விலையில் கிடைக்கிறது. வளையல் அளவு தவறினால் கழற்றி வைத்துவிடலாம். லென்ஸ் அளவு தவறினால் கருவிழி புண்ணாகும்.

யாரிடம் வாங்குவது?

மலேசியாவில் காண்டாக்ட் லென்ஸ் ஒரு மருத்துவச் சாதனம். 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் அது பதிவு பெற்றிருக்க வேண்டும். பவர் இல்லாத, அழகுக்கு மட்டுமே அணியும் வண்ண லென்ஸையும் பரிசோதனை இல்லாமல் வாங்கக்கூடாது. லென்ஸ் பொருத்தித் தருவோரை 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் அல்லது கண் மருத்துவரிடம் செல்வதே பாதுகாப்பு. கண்ணாடிக் கடையில் இருக்கும் எல்லா ஆப்டிஷியன்களுக்கும் லென்ஸ் பொருத்த அனுமதி கிடையாது. சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை.

மூக்குக்கண்ணாடிச் சீட்டு போதாது

கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த பவரை வைத்து லென்ஸ் வாங்கக்கூடாது. கண்ணாடி கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. லென்ஸ் கண்ணின்மேலேயே அமர்கிறது. அதனால் பவர் கூடியவர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருக்காது. லென்ஸின் வளைவும் விட்டமும்கூட அவரவர் கண்ணுக்கு ஏற்ப அமைய வேண்டும். ஒருவர் அணிந்ததை அக்காள் தங்கையே ஆனாலும் மாற்றி அணியக்கூடாது.

விலைக் கணக்கு

தினசரி லென்ஸ் பெரும்பாலும் ஒரு பெட்டியில் 30 இருக்கும். இரு கண்ணுக்கும் மாதம் முழுக்க அணிந்தால் இரண்டு பெட்டி வேண்டும். மாத லென்ஸ் மலிவாகத் தோன்றும். ஆனால் அதற்குச் சுத்திகரிப்புத் திரவமும் டப்பாவும் தனிச் செலவு. திருமணம், திருவிழா என எப்போதாவது அணிபவர்களுக்குத் தினசரி லென்ஸே ஏற்றது. மாத லென்ஸைத் திறந்த நாளிலிருந்து ஒரு மாதமே பயன்படுத்தலாம். நான்கு நாள் மட்டுமே அணிந்தோம் என்று மூன்று மாதம் இழுக்கக்கூடாது.

தண்ணீர் படக்கூடாது

குழாய்த் தண்ணீரோ கிணற்று நீரோ, கொதிக்க வைத்து ஆறிய நீரோ லென்ஸ் கழுவ உதவாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும், பார்வையும் பறிபோகலாம். தைப்பூசத்தில் பத்துமலை ஆற்றில் நீராடுவோரும் நீச்சல் குளம் செல்வோரும் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். மிளகாய் நறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்கு துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். லென்ஸ் அணிந்தபடி தூங்கக்கூடாது.

டப்பாவில் பழைய திரவத்தின்மேல் புதியதை ஊற்றாமல், தினமும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். டப்பாவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. 2006ஆம் ஆண்டில் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் அணிந்த பலருக்கு ஃபியூசேரியம் எனும் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டது. அதையடுத்து ஒரு பிரபல சுத்திகரிப்புத் திரவம் உலகம் முழுவதும் மீட்டுக்கொள்ளப்பட்டது. சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது.

கண் சிவந்தால்

சிவப்பு, வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், பீளை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் லென்ஸை உடனே கழற்ற வேண்டும். தாய்ப்பால் விடுவது, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து சில தொற்றுகளை மோசமாக்கும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் வீசாமல் எடுத்துச் சென்றால் கிருமியைக் கண்டறிய உதவும்.

கிள்ளான் வட்டாரத்தினர் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கும், தலைநகரில் உள்ளவர்கள் கோலாலம்பூர் மருத்துவமனைக்கும் செல்லலாம். பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் முயற்சியால் உருவான துன் ஹுசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை பெட்டாலிங் ஜெயாவில் உள்ளது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடக்கூடாது. கருவிழித் தொற்று ஓரிரு நாளிலேயே முற்றிவிடக்கூடியது.