கயிற்றின் மறுமுனை

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சிக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் நிக்கலாவ் பிமெந்தா, இங்கிருந்து ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கரை நேரில் கண்ட காட்சியை எழுதிவைத்திருக்கிறார். பட்டு விரிப்பில் திண்டுகளில் சாய்ந்திருக்கிறார் நாயக்கர். மார்பில் புரளும் மாலையில் முத்துகள். முடிந்த கொண்டையிலும் முத்துகள். பாறையும் குன்றுமான ஊர் இது. கடலைக் காண வேண்டுமென்றால் இன்றும் நாங்கள் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் கிழக்கே புதுச்சேரிக்குப் போக வேண்டும். முத்தை அணிந்தவரின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. கடலடியில் முத்தெடுத்தவர்களுக்கு, வழக்கம் போல, பெயர் இல்லை. ஆயினும் அவர்கள் என்னென்ன கருவிகளோடு நீரில் இறங்கினார்கள் என்பதைப் பயணிகளும் அதிகாரிகளும் பிற்காலத்தில் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தக் கருவிகளைப் பற்றி யோசிக்க வைத்தவர் என் பழைய மாணவர் ஒருவர். புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழும் பெற்றுவிட்டார். அடுத்ததாகச் சொந்தக் கருவிகளை இணையத்தில் வாங்க வேண்டும் என்று பட்டியல் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார்: முகக் கண்ணாடி, துடுப்புக் காலணி, ரெகுலேட்டர், மிதவை அங்கி, ஆழமானி. "ஐயா, ரெகுலேட்டருக்குத் தமிழில் என்ன?" என்றார். "மூச்சுச் சீராக்கி" என்று சொல்லிவைத்தேன். அகராதிக்குப் பொருந்தும், நாவுக்குப் பொருந்துமா என்பது ஐயமே. கலைச்சொல் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பட்டியலுக்கு நேராக மன்னார் வளைகுடாவின் பழைய பட்டியலை வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது.

பழைய பட்டியல் மிகச் சிறியது. ஒரு கல், இரண்டு கயிறு, ஒரு வலைப்பை. கல் பெரும்பாலும் பதினைந்து கிலோ அளவில் இருக்கும். குளிப்பவர் கல்லின் கயிற்று வளையத்தில் காலை நுழைத்து, மூச்சை இழுத்து, விரல்களால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்கள் கொம்பால் செய்த மூக்குக் கவ்வி வைத்திருந்தார்கள். நம்மவர்களுக்கு விரல்தான் கவ்வி. ஐந்து முதல் பத்து பாகம் ஆழம். அடியைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். கிடைத்த சிப்பிகளை வலைப்பையில் வாரிப்போட்டுக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் பை மேலேறும், ஆளும் மேலேறுவார். எல்லாம் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள். ஒரு தோணியில் பத்துப் பேர் குளிக்கச் சென்றால் ஐந்து கற்களே இருக்கும். ஐவர் நீருக்குள், ஐவர் ஓய்வில். கல் கூட இருவருக்கு ஒன்றுதான்.

இந்தக் கருவித் தொகுதியில் எழுதப்படாத ஓர் உறுப்பு உண்டு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துத் தோணியில் நிற்கும் ஆள்! எவ்வளவு நேரம் ஆயிற்று, சுண்டியது அலையா மனிதனா, இழுப்பதா பொறுப்பதா என்று முடிவு செய்பவர் அவரே. மைத்துனன் தான் கயிறு பிடிப்பான், தன் உடன்பிறந்தவளின் தாலியை அவன் கைவிட மாட்டான் என்றொரு பேச்சு நம்மிடையே வெகுநாளாக வழங்குகிறது. எல்லாத் தோணிகளிலும் அப்படித்தான் நடந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் அந்தப் பேச்சு பிறக்கக் காரணமாயிருந்த அச்சம் உண்மையானது. நீருக்குள் இருப்பவனின் நேரக் கணக்கு இன்னொருவன் கையில் இருந்தது.

கயிறு பிடித்தவரைத் தவிரக் 'கடல்கட்டி'யும் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்டவர். அவர் கரையில் அமர்ந்து சடங்கு செய்யாவிட்டால் தோணிகள் கிளம்பா. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியதன்படி, மந்திரம் செய்பவருக்கு இருபதில் ஒரு பங்கும் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் போயின. ஆங்கில அதிகாரிகள் இந்த நம்பிக்கையை எள்ளி எழுதினாலும், கடல்கட்டி இல்லாமல் சலாபம் நடத்தத் துணியவில்லை. குளிப்பவரின் மனத்துணிவும் ஒரு கருவிதான் என்பதை அவர்கள் கணக்குப் புத்தகம் உணர்ந்திருந்தது போலும்.

கொற்கையின் முத்தைச் சங்கப் பாடல்கள் புகழ்கின்றன. ஆனால் முதலாம் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ், அங்கே முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. புகழ் முத்துக்கு, மூச்சு அடிமைக்கு! 1905இல் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. எஞ்சிய ஒரு பங்கில் தோணிக்கும் கயிறு பிடித்தவருக்கும் போக மீதிதான் குளித்தவருக்கு. அடுத்த ஆண்டே பார்களை ஒரு லண்டன் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். சில ஆண்டுகளில் கம்பெனி மூழ்கியது.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் புரூம் கடற்கரையில் முத்துச்சிப்பி எடுத்தவர்கள் செப்புத் தலைக்கவசமும் ரப்பர் உடையும் அணிந்து, மேலிருந்து பம்பு செய்யப்பட்ட காற்றைச் சுவாசித்து ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்தார்கள். கருவி வளர்ந்தது, கூடவே ஒரு புதிய நோயும் வந்தது. அழுத்தத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறினால் குமிழிகளாகி மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படிப் படிப்படியாக ஏறவேண்டும் என்ற அட்டவணையை ஜே.எஸ். ஹால்டேன் 1908இல் வெளியிட்டார். அதற்குள் பலர் முடமாகியும் மாண்டும் போயிருந்தார்கள்.

1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் அக்வாலங் கருவியை உருவாக்கியபோது கயிறும் குழாயும் அறுந்தன. மூழ்குபவர் தம் காற்றைத் தாமே முதுகில் சுமந்தார். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறினார். அவரும் மைக் வில்சனும் அவ்வாண்டு திருகோணமலையில் போர்த்துகீசியர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசுவரக் கோயிலின் எச்சங்களை நீருக்கடியில் கண்டது இக்கருவியால்தான். தூத்துக்குடியில் 1961இல் கடைசிச் சலாபம் நடந்து முடிந்தது. பிறகு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் ஸ்கூபா உதவியுடன் பார்களை ஆராய்ந்தார்கள்.

ஸ்கூபாவில் ஒரு முரண் இருக்கிறது. முத்துக்குளிப்பவரின் கலை முழுவதும் மூச்சை அடக்குவதில் இருந்தது. ஸ்கூபா மாணவருக்குச் சொல்லப்படும் முதல் விதியோ, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலோடு மூச்சைக் கட்டி மேலேறினால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ரெகுலேட்டர் செய்வது, சிலிண்டரில் இருநூறு பார் அளவில் அடைபட்ட காற்றைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு இணையாக்கித் தருவது. நேரத்தையும் ஆழத்தையும் மணிக்கட்டுக் கணினி எண்ணுகிறது. இடர் வந்தால் உதவ இணை மூழ்காளர். தோணியில் நின்ற அந்த ஆள் இப்படித்தான் பல துண்டுகளாகப் பிரிந்து கருவிகளுக்குள் புகுந்திருக்கிறார்.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான். கணினியை எங்கே வாங்கினாலும் பெரிய வேறுபாடில்லை. முகக் கண்ணாடியைப் படத்தில் பார்த்து வாங்கக் கூடாது. பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். அவரவர் முகவாகு வேறு. ரெகுலேட்டர் யோக் வகையா டின் வகையா என்று பார்க்காமல் வாங்கினால் பயிற்சி நிலையத்துச் சிலிண்டரில் பொருந்தாமல் போகலாம். மேலும் அதனை ஆண்டுதோறும் பிரித்துப் பழுது பார்க்க அருகில் ஆள் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தவர் யாரென்று திரையில் தெரியாது. சிலிண்டருக்கும் குறித்த காலத்தில் நீரழுத்தச் சோதனை தேவை. அதை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே புதியவருக்கு நல்லது. வாங்கிய கருவியை முதலில் நீச்சல் குளத்தில், பயிற்றுநர் கண்முன் அணிந்து பார்க்க வேண்டும்.

இலங்கையின் வடக்கிலும் வடமேற்கிலும் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கும் தொழிலாளர்களுக்கும் சிலிண்டர் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஹால்டேனின் அட்டவணை பலருக்கு எட்டவில்லை. ஒரே நாளில் சிலிண்டர் மாற்றிச் சிலிண்டராக இறங்கிக் கால் விளங்காமல் போனவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் முதுகில் இருப்பது என் மாணவர் வாங்க விரும்பிய அதே கருவி.