மூலையில் குந்திய முதியோனும் மலையக வாசகனும்

பொல்பிட்டியவை அடுத்த ஒரு பாடசாலையில் அண்மையில் நூலகத்தைத் துப்புரவு செய்தோம். கழிக்க வேண்டியவை எனப் பிரித்து வைத்த கட்டிலே பெரும்பகுதி துப்பறியும் நாவல்கள். அட்டை கிழிந்தவை, விரல் பட்டுப் பட்டு ஓரங்கள் கறுத்தவை. வாங்கிய நாள் முதல் எவர் கையும் தீண்டாத இலக்கியத் திறனாய்வு நூல்களோ புத்தம் புதியனவாய் அலுமாரியில் வீற்றிருந்தன. மாணவரின் இரசனையைக் கெடுப்பவை எவை, வளர்ப்பவை எவை என்பதில் எங்களுக்கு ஐயமே எழவில்லை.

அந்த வாரம் தீபாவளி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுக் கடைச் சிப்பந்தியாய்ப் போனவன். "ஸ்கூல விட்ட பிறகு ஒரு புத்தகமும் தொடல்ல சேர். துப்பறியும் கதை ஏதும் இருந்தா குடுங்க, அதுல இருந்து தொடங்குறேன்" என்றான். கழித்துக் கட்டிய கட்டு என் காலடியிலேயே கிடந்தது. வாசிப்பை இழந்த ஒருவன் மீண்டும் அதற்குத் திரும்பத் தானே ஒரு வழியைத் தேர்ந்துகொண்டு வந்து நிற்கிறான். நாமோ அந்த வழியை அடைத்துக்கொண்டிருக்கிறோம். இது சரிதானா? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, நம் மலையகத்தின் வரலாறே ஒரு வியப்பான சான்றை எனக்குக் காட்டிற்று.

மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யரை நாம் அறிவோம். 1925 இல் சட்ட நிரூபண சபைக்குச் சென்றவர். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியவர். 1936 இல் அற்றன் தொகுதியின் உறுப்பினராய் அரசாங்க சபையில் அமர்ந்தவர். 1947 இல் மறையும் வரை பேனாவைக் கீழே வைக்காதவர். அவர் எழுதிய துண்டுப் பிரசுரங்களையும், தொழிலாளர் சட்ட விளக்கங்களையும், அவர் துணைவியார் மீனாட்சியம்மையின் பாடல்களையும் மேடைதோறும் நினைவு கூர்கிறோம். ஆனால் 1924 இல் அவர் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்' என்றொரு கதையும் எழுதினார் என்பதைச் சொல்லும்போது நம் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. போராளிக்கு இது எதற்கு என்று எண்ணுகிறோம் போலும்.

எதற்கு என்று சற்று ஆராய்வோம். தலைப்பைக் கண்டவுடனே ஆங்கில எழுத்தாளர் பரோனஸ் ஓர்க்சியின் முதியவர் நினைவுக்கு வருகிறார். 1901 முதல் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்த கதைகளின் நாயகர் அவர். தேநீர்க் கடையொன்றின் மூலையில் அமர்ந்து, கயிற்றுத் துண்டில் முடிச்சுப் போட்டும் அவிழ்த்தும், பொலிசார் கைவிட்ட வழக்குகளின் மர்மத்தைப் பத்திரிகைக்காரப் பெண்ணொருத்திக்கு விளக்குபவர். அதிகாரமும் சீருடையும் இல்லாத ஒருவர், பத்திரிகைச் செய்தியையும் நீதிமன்ற வாக்குமூலத்தையும் கூர்ந்து நோக்கியே உண்மையை எட்டிவிடலாம் என்பதே அக்கதைகளின் உட்பொருள். ஓர்க்சி பிரபு குலத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் பிரபுக்களைக் காப்பவனை வீரனாக்கிய நாவலாசிரியர். அவர் கையில் பிறந்த கதைமுறை கொழும்பில் ஒரு தொழிலாளர் தலைவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது விந்தையன்றோ?

விந்தை அத்தோடு முடியவில்லை. நடேசய்யர் தாமே ஒரு துப்பறிவாளராய் வாழ்ந்தவர். தோட்டங்களுக்குள் வெளியார் புகுவதற்குத் தடையிருந்த காலம் அது. துரையின் உத்தரவின்றி லயத்து வாசலை மிதிப்பது குற்றம். எனவே அவர் புடவை வியாபாரியாய் வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார். லயன்களில் தொழிலாளர் படும் பாட்டை நேரிற் கண்டார். கண்டதை எழுத்தாக்கி வெளியுலகின் முன் வைத்தார். மாறுவேடம், களவிசாரணை, சாட்சியம், அம்பலப்படுத்தல்! துப்பறியும் கதையின் உறுப்புகள் அத்தனையும் இங்கே உள்ளன. ஒரே ஒரு வேறுபாடு: கதையில் துப்பறிவாளன் சட்டத்தை மீறியவனைத் தேடுகிறான், நடேசய்யரோ சட்டத்தின் நிழலிலேயே நடந்த குற்றத்தைத் தேடினார்.

அக்குற்றத்தின் தடயம் ஒரு காகிதத் துண்டு. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலையை விட்டு விலகும் தொழிலாளி சிறைக்குச் செல்லக்கூடிய குற்றவாளி. அவன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின், அவன் பேரிலுள்ள கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிக்கப்படுவான் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். கடனைப் பெருக்கியவன் கங்காணி. கணக்கை எழுதியவனும் அவனைச் சார்ந்தவனே. தன் தலைவிதி எழுதப்பட்ட காகிதத்தைத் தொழிலாளி மடியிற் கட்டிக்கொண்டு நடந்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் அவனால் வாசிக்க முடியவில்லை. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வாசிக்கத் தெரியாமை அவ்வளவு விரைவில் ஒழியவில்லை. தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கூறிற்று. ஆனால் ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளோடு அதன் அக்கறை நின்றது. 1945 இல் நாடெங்கும் மலர்ந்த இலவசக் கல்வியின் பயனும் தோட்டப் பள்ளிகளை வந்தடைய, 1970களில் அவை அரசுடைமையாகும் வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தகைய மக்களிடையே வாசிப்பு எவ்வாறு வேர்கொள்ளும்? இலக்கணத்தின் வழியாகவா? தமிழ்நாட்டு வரலாற்றைப் பார்ப்போம். 1894 இலேயே பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற பொலிஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1908 இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வெளிவந்தது. அதில் உலவிய துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானான். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மர்மக் கதைகளைக் குவித்தனர். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்திப் பெண் வாசகரைத் திரட்டினார். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் என இந்த ஓட்டம் தொடர்ந்தது. வாசகர் தொகை என்றொன்று தமிழில் உருவானதில் இவ்வெழுத்துகளுக்குள்ள பங்கை எவரும் மறுக்க இயலாது.

"அவை ரெயினால்ட்சின் குப்பையைத் தமிழில் கொட்டியவை" என்று நம் விமர்சகர் சொல்வதுண்டு. அந்த ரெயினால்ட்ஸ் யார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. 'இலண்டன் மர்மங்கள்' என்ற நூலால் ஏழை மக்களின் பெருவிருப்புக்குரியவரான ஜீ. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ், வாக்குரிமைக்காகப் போராடிய சாசன இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். 1848 மார்ச்சில் இலண்டன் டிரபல்கர் சதுக்கத்தில் கூடிய பெருங்கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர். மர்மக் கதையினூடே பிரபுக்களின் மாளிகையையும் சேரியின் குடிசையையும் அருகருகே நிறுத்திக் காட்டியவர். இத்தாலியச் சிறையில் வாடிய கிராம்ஷி, துப்பறியும் கதைகளையும் தொடர்கதைகளையும் பற்றிக் குறிப்புகள் எழுதியது வெறும் பொழுதுபோக்கிற்காக அன்று. மக்கள் எதை விரும்பி வாசிக்கிறார்கள், ஏன் வாசிக்கிறார்கள் என்பதை அறியாதவர் மக்களின் எழுத்தாளராக முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இங்கே நம் அணியின் வரலாற்றையும் நேர்மையோடு நோக்க வேண்டும். 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், தமிழ்நாட்டு வணிகச் சஞ்சிகைகளின் வரவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று குரலெழுப்பியது. 1970 இல் அமைந்த அரசின் காலத்தில் அக்கட்டுப்பாடு வந்தது. அதனால் விளைந்த நன்மை பெரிது. உள்ளூர் எழுத்துக்குக் களம் கிடைத்தது. வீரகேசரிப் பிரசுரங்களாக ஈழத்து நாவல்கள் பல வெளிவந்தன. அக்கோரிக்கையை நான் இன்றும் தவறென்று சொல்லேன். ஆனால் சஞ்சிகையைத் தடுத்தோமேயன்றி, அதை விரும்பிய மனத்தின் பசியை ஆராய்ந்தோமா? அடுத்த பக்கத்தைப் புரட்டச் செய்யும் ஆர்வம் என்ற ஒன்றை மாற்றானின் உடைமை என்று விட்டுவிட்டோம். தடை தளர்ந்ததும் வாசகன் விட்ட இடத்திற்கே திரும்பினான்.

துப்பறியும் நாவலின் குறைகளை நான் மறைக்கவில்லை. களவு போன நகை உரியவரிடம் சேர்ந்ததும் கதை முடிந்துவிடுகிறது; அந்த நகை எவருடைய உழைப்பில் விளைந்தது என்று அது கேட்பதில்லை. வேலைக்காரனையே முதலில் சந்தேகிக்கிறது. பெண்ணை ஒன்று பிணமாகவோ அன்றிப் பொறியாகவோ காட்டி மகிழ்கிறது. இவற்றையெல்லாம் வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டியது ஆசிரியரின் கடமை. ஆயினும் புத்தகத்தைக் கையிலெடுத்தவனிடந்தான் அதைச் சொல்ல முடியும்.

அன்றியும், சான்று கேட்கும் மனம் தமிழுக்குப் புதிதா? சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் நடப்பது என்ன? விசாரணையின்றி ஒருவன் கொல்லப்பட்டான். அவன் மனைவி அரசவையில் சிலம்பை உடைத்துக் காட்டினாள். முத்தா, மாணிக்கமா என்ற ஒரே தடயத்தில் அரசின் குற்றம் வெளிப்பட்டது. கோவலனைக் கள்வன் என்ற சொல்லை ஆராயாமல் ஏற்றதே பாண்டியனின் பிழை. துப்பறியும் கதையை விரும்பும் மாணவனுக்கு இந்தக் காதையை நான் கற்பித்துப் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்குப் படிப்பவன் கேட்காத கேள்விகளை அவன் கேட்கிறான்: "பொற்கொல்லன ஏன் சேர் யாரும் விசாரிக்கல்ல?"

இக்கேள்வியே நமக்கு வேண்டியது. மஸ்கெலியா, கெஹெல்கமு ஓயாக்களின் நீரைக் கொண்டு பொல்பிட்டிய மின் நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. எங்கள் மலைநீரில் பிறந்த மின்சாரம் நெடுந்தூரம் கடந்து நகரங்களுக்கு ஒளியூட்டிய காலத்தில், இங்கே லயன்களிற் பலவற்றில் குப்பி விளக்கின் புகையிலேதான் புத்தகம் விரிந்தது. வெளிச்சம் எங்கே போயிற்று என்று கேட்பதற்கும் துப்பறியும் திறம் வேண்டும். சம்பளத் துண்டில் கழிக்கப்பட்ட தொகைகளையும், நிறுத்த கொழுந்தின் கணக்கையும் வரிவரியாய்ப் படித்து, "இது எப்படி வந்தது?" என்று கேட்கும் கண்ணும் அதே கண்தான்.

கட்டை அவிழ்த்தோம். நாவல்கள் அலுமாரிக்குத் திரும்பின. கிழிந்த அட்டைகளை மாணவரே ஒட்டினர். பழைய மாணவன் மூன்றைத் தெரிந்தெடுத்தான். அவற்றோடு நடேசய்யரின் வரலாற்று நூல் ஒன்றையும் கொடுத்து, "இதுவும் துப்பறியும் கதைதான், குற்றவாளி யாரென்று படித்துவிட்டுச் சொல்" என்றேன். பொங்கலுக்கு வரும்போது சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறான்.