ஞாயிறு வேலைநாளாக இருந்த காலம்

தம்புள்ளையில் கண்டி–யாழ்ப்பாண வீதியோரம் என் தாய்மாமன் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவருடைய 1967ஆம் ஆண்டுக் கணக்கேடு அண்மையில் என் கைக்கு வந்தது. புள்ளிவிபரவியல் படிக்கும் என் தங்கை மகன் அதை ஆர் என்னும் கணினி மொழியில் ஏற்ற முன்வந்தான்.

நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி அது. தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, இடைவெளி ஆகிய மூன்றையும் சொன்னால் இடைப்பட்ட திகதிகளை வரிசையாகத் தந்துவிடும். 1967 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை. அதிலிருந்து வாரம் ஒன்றாக நகரச் சொன்னான். 53 ஞாயிறுகள் வந்து விழுந்தன. கணக்கேட்டிலோ ஞாயிறுகளில் வியாபாரம் நடந்திருந்தது. கடை பூட்டிய நாட்கள் செவ்வாய், வியாழன், சனி என்று சிதறிக் கிடந்தன.

"மாமா, தாத்தா கிழமையை மாற்றி எழுதிவிட்டாரா?" என்றான்.

தாத்தா சரியாகவே எழுதியிருந்தார். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு விடுமுறை கிடையாது. டட்லி சேனநாயக்கவின் அரசு, பௌத்தர்கள் சீலம் காக்கும் நான்கு போயா தினங்களையும் விடுமுறையாக்கியது. அமாவாசை, பூரணை, இடைப்பட்ட இரண்டு அரைமதி நாட்கள். ஒவ்வொன்றுக்கும் முந்திய நாள் அரைநாள் வேலை. குகை விகாரையைக் கொண்ட தம்புள்ளைக்கு அது இயல்பான ஒழுங்காகத் தோன்றியிருக்கலாம். பூசைக்குப் போகவேண்டிய கத்தோலிக்கருக்கு ஞாயிறு வேலைநாளாயிற்று. கிறிஸ்தவரான செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி அப்போது அந்த அரசில் பங்காளி என்பதையும் மறந்துவிடலாகாது.

மருமகனின் சிக்கலுக்கு வருகிறேன். சந்திர மாதம் ஏறத்தாழ 29.53 நாள்; அதன் காற்பங்கு 7.38. ஆகவே போயாவுக்குப் போயா சில வேளை ஏழு நாள், சில வேளை எட்டு நாள். ஆண்டுக்கு 52 ஞாயிறுகளுக்குப் பதில் 49 அல்லது 50 போயாக்களே கிடைத்தன. தொழிலாளி இரண்டு மூன்று ஓய்வு நாட்களை ஓசையின்றி இழந்தான். கொழும்பு வணிகருக்கோ வேறு தொல்லை: இலண்டன் திறந்திருக்கையில் இங்கே பூட்டு, அங்கே பூட்டியிருக்கையில் இங்கே வேலை.

கணினியும் இவ்விடயத்தில் நம்மைப் போலத்தான் தடுமாறுகிறது. 2023 ஜனவரி 31இலிருந்து மாதம் ஒன்றாக நகரச் சொன்னால், ஆர் மொழி பெப்ரவரியைத் தாண்டி மார்ச் 3இல் போய் நிற்கும். பெப்ரவரிக்கு 31ஆம் திகதி இல்லையே! அம்மொழியின் முதல் முழுமையான பதிப்பு 2000 பெப்ரவரி 29 அன்று வெளியானது, குறும்புக்காரர்கள்தாம். அது எல்லா நாட்களையும் 1970 ஜனவரி 1ஐப் பூச்சியமாகக் கொண்டே எண்ணுகிறது. அந்தப் பூச்சிய நாளிலும் இலங்கையர் போயா வாரத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தனர்.

1971இல் சிறிமாவோ அரசு ஞாயிறை மீட்டளித்தது. பூரணைப் போயா மட்டும் இன்றுவரை விடுமுறையாக நீடிக்கிறது.

இடைவெளி சீராக இல்லாததால் சூத்திரம் உதவவில்லை. பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். பையன் 1967இன் போயாக்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, கணக்கேட்டுடன் ஒப்பிட்டான். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஏட்டில் எஞ்சிய ஒரேயொரு பூட்டு தைப்பொங்கல். அன்று சனிக்கிழமை.